ஊரடங்கு போட்ட பிறகும் கடை எரிந்தது எப்படி? கண்டி, ஹட்டன், பதுளைப் பக்கத்து ஆட்கள் வந்து சொல்லுங்கள்

#1 கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

போன கிழமை எங்கள் ரவுணில் ஒரு லொறியும் ஒரு த்ரீவீலும் உரசிக்கொண்டன. பக்கக் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் சாரதிகள் இருவரும் வேறு வேறு இனம். கொஞ்ச நேரத்தில் கூடிய கூட்டம் கண்ணாடியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு 119க்கு அடித்தேன். பொலிஸ் வந்து சேர்வதற்குள் பக்கத்து மரக்கறிக்கடை முதலாளி, வயதான சிங்களப் பெரியவர், நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் ஏசிக் கலைத்துவிட்டார்.

முடிந்த கதைதான். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2018இல் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் தெல்தெனியவில் தொடங்கியதும் இப்படித்தானே? பெப்ரவரி 22ஆம் திகதி வீதியில் ஒரு வாகனத் தகராறு. அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மார்ச் 5இல் திகன எரிந்தது. ஊரடங்கு போட்டார்கள். 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், 2011க்குப் பிறகு முதல் தடவையாக. அதற்கும் பிறகுதான், 7ஆம் திகதி, அம்பத்தென்ன, அக்குறணைப் பக்கம் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். சட்டத்தை மதித்து நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். மதிக்காதவன் வீதியில் இருந்தான்.

இப்போது வீட்டில் பெரிய வாக்குவாதம். மறுபடி ஒன்று வந்தால் கடை வாசலில் போய் நிற்கவேண்டும் என்கிறான் மகன். பொலிஸுக்குச் சொல்லிவிட்டு வீட்டில் இரு என்கிறேன் நான். சொல்கிறேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் ஊரில் பொலிஸ் எப்படி?

#2 சும்மா வந்தவன்

எல்லாம் அரசியல்வாதிகள் வேலை. இதற்கெல்லாம் ஒரு இழை தேவையா.

#3 ஹட்டன் குளிர்

நானா, உங்களுக்கு 119இல் பேசச் சிங்களமாவது இருக்கிறது. எங்கள் பக்கம் அதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்த தோட்டத்து அக்கா ஒருவரின் வீட்டுக்காரரை ரவுணில் வைத்து அடித்துவிட்டார்கள். அக்கா முறைப்பாடு கொடுக்கப் போனார். தமிழில் சொன்னார், அங்கே இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டவில்லை. ‘அத்சன் கரன்ன’ என்று விரலால் இடத்தைக் காட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டார். அடித்த இரண்டு பேரின் பெயரையும் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிறகு நான் பிரதி எடுத்துப் பார்த்தால் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று இருக்கிறது. அந்த இருவரும் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார்கள். அக்கா கொழுந்துச் சம்பளம் எடுத்துச் சாமான் வாங்க வரும்போது அவர்கள் முன்னால்தான் நடந்து போகவேண்டும்.

தோட்டத்துக்குள் பொலிஸ் ஜீப் எப்போது வரும் தெரியுமா? துரை போன் போட்டால் வரும். சம்பளம் கேட்டுக் கொழுந்து லொறியை மறித்தால் வரும், அதுவும் உடனே. லயத்து வீட்டில் ஒரு பெண் பிள்ளையை யாராவது தொந்தரவு செய்தால் மட்டும், “நாளைக்குக் காலையில் ஸ்டேஷனுக்கு வாங்க.”

கலவரத்தன்று பொலிஸ் எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்கள். கலவரம் இல்லாத நாளில் எப்படி நடக்கிறதோ அப்படித்தான் நடக்கும்.

#4 காக்கி வீட்டுப் பிள்ளை

என் அப்பா சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர். அதனால் இரண்டு பக்கத்து ஏச்சையும் கேட்டே வளர்ந்தவன் நான். கோபிக்காமல் வாசியுங்கள்.

ஒரு சின்ன ஸ்டேஷனில் இரவு டியூட்டிக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் புத்தகத்தில், ஒருவர் வாசலில், ஜீப் ஓட ஒருவர், மிச்சம் கொஞ்சம் பேர். எதிரே நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது தங்கள் உயிரை. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட்டு வெளி மாவட்டங்களில் இருந்தும் ஆட்களை இறக்குவார்கள். கலவரத்துக்கு யார் நாள் குறித்துத் தருவார்?

அடுத்தது ஓடர். சுடு என்று எழுத்தில் யாரும் தரமாட்டார்கள், சுடாதே என்றும் தரமாட்டார்கள். 2022 ஏப்ரல் 19 ரம்புக்கனையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விலை கூடிய கோபத்தில் சனம் தண்டவாளத்தை மறித்தது, மலைநாட்டு ரயில் எல்லாம் நின்றது, பொலிஸ் சுட்டது, ஒருவர் செத்தார். கேகாலை நீதவான் உத்தரவு போட்டு ஒரு மூத்த அதிகாரியையே கைது செய்தார்கள். அது சரியான உத்தரவுதான். ஆனால் கீழே இருக்கும் கான்ஸ்டபிள் இதில் படிக்கிற பாடம் என்ன? சுட்டால் ரம்புக்கனை, சும்மா நின்றால் திகன. சும்மா நிற்பவனுக்கு வேலை போவது குறைவு.

நியாயப்படுத்தவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னதைச் சொல்கிறேன்.

#5 பண்டாரவளை மூடுபனி

தம்பி, ஆள் பற்றாக்குறைக் கதையை நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஊருக்கு வந்து சொல்லிப் பாருங்கள்.

பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25. புனர்வாழ்வு முகாம், அதாவது அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள். முதல் நாளே பதற்றம் தெரிந்து பொலிஸை வரவழைத்திருந்தார்கள். ஏறத்தாழ 60 பேர், துப்பாக்கியோடு. விடிந்ததும் கூட்டம் உள்ளே புகுந்தது, கத்தி பொல்லோடு. 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பொலிஸ் நின்றது.

ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் எல்லோரும் வெளியே வந்தார்கள், கடைசி ஆட்கள் 2005இல், உச்ச நீதிமன்றத்தில். ஆக, அந்தக் கொலைகளுக்காக இன்றைக்குச் சிறையில் யாரும் இல்லை.

அங்கே ஆள் இருந்தது, ஆயுதம் இருந்தது, முன்னறிவிப்பும் இருந்தது. திகனவிலும் அப்படித்தானே? சாரதி இறந்ததற்கும் கடை எரிந்ததற்கும் நடுவில் நாட்கள் இருந்தன. பேஸ்புக்கில் ஆட்களைக் கூப்பிட்டது பொலிஸைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைக்கார நானா, உங்கள் மகன் சொல்வதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

#6 மாத்தளை ராத்தா

வாசலில் நிற்பதா வேண்டாமா என்று ஆம்பிளைகள் பேசிக்கொண்டே இருங்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

2018இல் மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் மறித்தார்களே. வெறுப்புப் பேச்சு பரவாமல் இருக்கவாம். என் வீட்டுக்காரர் அப்போது கட்டாரில். எங்களுக்கு இருந்த ஒரே தொடர்பு வட்ஸ்அப் கோல்தான். அவர் அங்கே டிவியில் நெருப்பைப் பார்த்துவிட்டு, இங்கே யார் இருக்கிறோம், யார் இல்லை என்று தெரியாமல் பைத்தியம் பிடித்ததுபோல இருந்திருக்கிறார். எனக்கோ உம்மாவின் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் முடிகிறது, பார்மசி பூட்டு. பொலிஸுக்கு எடுத்தேன். ஊரடங்கு, வெளியே வராதீங்க என்றார்கள். அது எனக்குத் தெரியாதா? பின்வீட்டு சிங்கள நங்கி தன் தம்பியை மோட்டார் சைக்கிளில் அனுப்பி வாங்கித் தந்தாள். அவன் ஊரடங்கை மீறித்தான் போனான். பிடிபட்டிருந்தால் அவனுக்குத்தான் கேஸ்.

அந்த மறிப்பால் கலகக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விபிஎன் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து! அதே வெறுப்புப் பதிவுகளைப் பற்றி எங்கள் பிள்ளைகள் ரிப்போர்ட் அடித்து அடித்துக் களைத்துப் போயிருந்தார்கள், சிங்களம் வாசிக்க அங்கே போதுமான ஆட்கள் இல்லை.

#7 பழைய லிகிதர்

பிள்ளைகளே, இது 2018இல் தொடங்கிய கதை அல்ல. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கலாமா என்று ஒரு வழக்கு. மாவட்ட நீதிமன்றம் ஒரு பக்கம் தீர்த்தது, 1915 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபக்கம் தீர்த்தது. அந்த மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே சிங்களவர், முஸ்லிம்கள் இடையே கைகலப்பு. அங்கிருந்து தென்பகுதி வரை பரவியது. வெள்ளைக்காரன் முதலில் தாமதித்தான், பிறகு இராணுவச் சட்டம் போட்டு, சம்பந்தம் உள்ளவன் இல்லாதவன் எல்லோரையும் சுட்டான். முதலில் பார்த்துக்கொண்டு நிற்பது, பிறகு கண்மண் தெரியாமல் அடிப்பது. நூறு வருடமாக வேறு முறை தெரியவில்லை.

77இலும் 83இலும் தமிழருக்கு எதிராக நடந்ததைப் பார்த்தவன் நான். 77க்குச் சன்சோனி ஆணைக்குழு விசாரித்து அறிக்கை வைத்தது. அறிக்கை வரும்போது எங்கள் தோட்டத்துச் சனத்தில் பாதி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது. அங்கே போய் என்ன பாடுபட்டார்கள் என்பது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லலாம். 83இல் நான் குடியிருந்த வீதியில் ஒரு வீடும் எரியவில்லை. அடுத்த வீதி முழுக்க எரிந்தது. இரண்டு வீதிக்கும் ஒரே பொலிஸ்தான். எங்கள் வீதி முனையில் ஒரு ஓய்வுபெற்ற சிங்களத் தலைமையாசிரியர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்.

#8 சும்மா வந்தவன்

அப்போ வீதிக்கு வீதி ஒரு வாத்தியாரை உட்கார வைக்கலாம் என்கிறீர்களா ஐயா? பொலிஸை நம்பாவிட்டால் யாரை நம்புவது, ஆமியையா? எஸ்டிஎஃப், அதாவது விசேட அதிரடிப்படை, வந்தால்தான் அடங்கும்.

#9 கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரனின் மகன்

வாப்பா இழை போட்டது இப்போதுதான் கண்ணில் பட்டது. என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், நானே வந்துவிட்டேன்.

மேலே எஸ்டிஎஃப் என்று எழுதியவருக்கு: திகனவில் விசேட அதிரடிப்படை வந்த பிறகுதான் பள்ளிவாசல் ஆட்கள் அடிபட்டார்கள் என்று அங்கே உள்ளவர்கள் குற்றம் சாட்டினார்கள். சிசிடிவிக் காட்சியைப் பார்த்து ரொய்ட்டர்ஸும் எழுதியது. அந்தக் கமெரா இல்லாவிட்டால் அதுவும் வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

வாப்பா நினைப்பதுபோல நான் பொல்லோடு நிற்கப் போவதில்லை. நிற்கவேண்டும் என்றால் பார்க்கவேண்டும், பதியவேண்டும் என்று அர்த்தம். யார் வந்தான், எந்த வாகன இலக்கம், ஜீப் எத்தனை மணிக்கு வந்தது, வந்து என்ன செய்தது. கடை போனால் போகட்டும். யார் எரித்தது என்பதும் சேர்ந்து எரிந்துபோகக் கூடாது.

#10 கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரன்

இதை வீட்டில் சொல்லியிருக்கலாமே மகன். உம்மா மூன்று நேரமும் அழுதாள்.

சரி, கமெரா வைக்கலாம். ஆனால் பதிவு செய்கிற பெட்டியைக் கடைக்குள் வைத்தால் அதுவும் சேர்ந்து எரியும். எங்கே வைப்பது என்று யோசி.

#11 சட்டம் கொஞ்சம் தெரிந்தவன்

உணர்ச்சியாகப் பேசிவிட்டோம், இனி கையில் எடுக்கக்கூடியது என்ன என்று பார்ப்போம். நான் சட்டத்தரணி இல்லை, ஒரு அலுவலகத்தில் கோப்புத் தூக்குபவன். ஆனாலும் நிறையக் கோப்புப் பார்த்திருக்கிறேன்.

ஹட்டன் மிஸ் சொன்ன கையெழுத்து விஷயம். தமிழும் அரச கரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரசாங்க அதிகாரியோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே “எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை” என்று தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரியால் பின்னர் வழக்கே திரும்பியதைக் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

பிடித்துக்கொண்டு போனால், காரணம் சொல்லவேண்டும் (13ஆம் உறுப்புரை), சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அதனால்தான் அந்தச் சட்டத்தைக் கண்டு பயம். அடித்தால், 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம் இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறல் என்றால் உச்ச நீதிமன்றம், 126ஆம் உறுப்புரை, ஒரு மாதத்துக்குள். பலர் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. அவர்களின் அவசர இலக்கம் 1996. கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு என்றும் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 17ஆம் திருத்தத்தில் பிறந்தது, 18இல் பல்லைப் பிடுங்கினார்கள், 19இல் கட்டினார்கள், 20இல் மறுபடி பிடுங்கினார்கள், 2022இல் 21ஆம் திருத்தம் வந்து மறுபடி கட்டியது. இப்போது பல் இருக்கிறது, கடிக்கிறதா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடைசியாக, கடைக்காரர்கள் கவனிக்க. தீக் காப்புறுதி இருந்தால் கலவரத் தீயும் அதில் அடங்கும் என்று நினைக்கிறீர்கள். அடங்காது. வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் என்பது தனிச் சேர்க்கை, எஸ்ஆர்சிசி என்பார்கள், மேலதிகமாகக் கட்டவேண்டும். அந்தச் சேர்க்கைக்கான நிதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. பொலிசியை எடுத்து அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இழப்பீடு கேட்கும்போது பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இல்லாமல் ஒருவரும் கோப்பைத் திறக்கமாட்டார்கள். ஆக, நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த வாசலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

#12 ஹட்டன் குளிர்

நல்ல தகவல், நன்றி. ஆனால் அண்ணே, கண்டி அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. உச்ச நீதிமன்றம் கொழும்பில். அடிபட்ட மனிதன் ஒரு மாதத்துக்குள் எழுந்து நடப்பதே பெரிய விஷயம். உரிமை எல்லாம் பஸ் ரூட்டில் கடைசித் தரிப்பிடத்தில் இருக்கிறது.

“வாசித்துக் காட்டப்படவில்லை” வரி மட்டும் உடனே உதவும். திங்கட்கிழமை பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கப் போகிறேன். வீட்டில் அம்மா அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போவது அவர்கள்தானே.

#13 பண்டாரவளை மூடுபனி

மேலே மாற்றம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருவரைச் சித்திரவதை செய்ததற்கு மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோன் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அவரைப் பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள், அது ஒரு கூத்து. கடைசியில் 2025 ஓகஸ்ட் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. நானே டிவி முன்னால் எழுந்து நின்றேன்.

ஆனால் ஹட்டனில் அந்த அக்காவின் முறைப்பாட்டை எழுதியவர் யார் என்று கொழும்பில் யாரும் கேட்கவில்லையே.

#14 காக்கி வீட்டுப் பிள்ளை

அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பிந்துனுவெவ பற்றிப் பேச மறுத்துவிட்டார். பதில் இல்லாமல்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொன்னார். கிராம சேவகர் பிரிவுகளில் சிவில் பாதுகாப்புக் குழு என்று இருக்கிறது. பொறுப்பதிகாரி கூட்டம் வைப்பார். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள் என்றார். பெரிய கடைக்காரர், கட்சிக்காரர், ஒரு தேரர், பாதிக் கதிரை காலி. தோட்டத்தில் இருந்து ஆள் இல்லை, பெண்கள் இல்லை, பள்ளிவாசலில் இருந்து ஒருவர் பெயருக்கு. பொறுப்பதிகாரிக்கு அந்தப் பக்கம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. பதற்றமான இரவில் அவர் முதலில் போன் போடுவது தனக்குத் தெரிந்த பெயருக்கு. அவர் ஊருக்குப் புதிதாக மாறி வந்தவராக இருந்தால் அதுவும் கட்சிக்காரர் தந்த இலக்கமாகத்தான் இருக்கும்.

மாத்தளை ராத்தாவுக்கு அப்பா ஸலாம் சொல்லச் சொன்னார். இன்சுலின் கதையைக் கேட்டு, அந்தப் பையனை நான் பிடித்திருக்கமாட்டேன் என்றார்.

#15 மாத்தளை ராத்தா

வ அலைக்கும் ஸலாம். உங்கள் அப்பா பிடிக்கமாட்டார், மற்றவர்?

குழுவில் பெண்களைச் சேர்ப்பார்களா என்று எங்கள் கிராம சேவகரிடம் கேட்டேன். “நீங்க வருவீங்களா?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். வருவேன் என்றேன். கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்காம், சமைக்கிற நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

#16 நெறியாளர்

#8க்குக் கீழே வந்த சில பதில்களில் ஒரு இனத்தைக் கேவலமாக எழுதியிருந்தார்கள், தூக்கிவிட்டேன். ஸ்டேஷன் பெயர், அதிகாரி பெயர் போட்டுச் சொந்தக் குற்றச்சாட்டு எழுத வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

#17 கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரன்

பொலிசியை எடுத்துப் பார்த்தேன். எஸ்ஆர்சிசி இல்லை. இத்தனை வருடமாகக் கட்டுகிறேன், ஏஜண்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2018இல் நெருப்பு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் வெறுங்கைதான். இப்போது போன் போட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மரக்கறிக்கடைப் பெரியவரிடமும் சொன்னேன், அவருக்குத் தீக் காப்புறுதியே இல்லை.

கமெரா பெட்டி வீட்டு மேல்மாடியில். மகனோடு ஒரு உடன்பாடு: நிற்பது வாசலில் இல்லை, எதிர்ப்பக்கத்து மாடி ஜன்னலில். எங்கள் சண்டை அத்தோடு முடிந்ததா என்று தெரியாது, இப்போதைக்குச் சோறு ஒன்றாகத் தின்கிறோம்.

சிவில் பாதுகாப்புக் குழுவுக்கு நானும் பெரியவரும் போகிறோம். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. ஹட்டன் மிஸ், உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஆட்களைச் சேர்க்கக் கடிதம் எழுதவேண்டும் என்றால் சிங்களத்தில் எழுத எங்கள் பெரியவரைப் பிடித்துத் தருகிறேன்.

#18 ஹட்டன் குளிர்

சிங்களத்தில் வேண்டாம் நானா. தமிழில்தான் கொடுக்கப்போகிறோம், பதிலும் தமிழில் வரவேண்டும். அவரிடம் வேறு ஒன்று கேட்கவேண்டும்: கடிதத்தைப் பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கு அனுப்புவதா, பிரதேச செயலாளருக்குப் பிரதி போட்டு நேரில் கொடுப்பதா, எது மேசைக்கு அடியில் போகாது?